கற்சிலைமடுவில் ஒரு வசனம்

கம்பஸ் லீவு விட்டு மூன்றாம் நாள். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனமும் வந்து யாழ்ப்பாணம் நிரம்பிக் கிடந்த ஓகஸ்ட் மாதம். எல்லாரும் உள்ளே வர, நாங்கள் ஐந்து பேர் ஒரு வானில் வெளியே போனோம். திட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஏ9 வீதியால் மாங்குளம், அங்கிருந்து ஒட்டுசுட்டான் பக்கத்தால் முல்லைத்தீவு, கடற்கரையில் மத்தியானச் சாப்பாடு, பிறகு புதுக்குடியிருப்பு, பரந்தன் வழியாகத் திரும்பி வருவது. ஒரே நாள். இடையில் கற்சிலைமடுவில் இறங்கிப் பண்டாரவன்னியன் கல்லைப் பார்க்க வேண்டும் என்று சொன்னது நான்தான். வரலாறு படிக்கிற பிள்ளை என்றபடியால் யாரும் எதிர்க்கவில்லை. "பத்து நிமிசம்தான்" என்று மட்டும் சொன்னார்கள்.

வான் ஓடியது எங்கள் சிநேகிதியின் தாய்மாமா. முள்ளியவளை ஆள். ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கல்யாணம், கோயில் என்று ஹயருக்கு ஓடுகிறவர். நாங்கள் எல்லாருமே அவரை மாமா என்றுதான் கூப்பிட்டோம். கொடிகாமம் தாண்டும் வரை அவர் வாய் திறக்கவில்லை. நான் கற்சிலைமடு என்று சொன்னதும் கண்ணாடியால் என்னைப் பார்த்தார்.

"பண்டாரவன்னியன்ர கல்லோ பிள்ளை? நான் பள்ளிக்கூட நாடகத்தில டிறிபேர்க்கா நடிச்சனான். அந்த வெள்ளைக்காரக் கப்டன். முகமெல்லாம் பவுடர் அப்பிவிட்டாங்கள்."

அதோடு வான் கலகலத்துப் போனது.

ஆனையிறவில் இறங்கினோம். 1991 முற்றுகையில் புலிகளின் கவச புல்டோசரைத் தடுத்து இறந்த சிப்பாயின் நினைவாக அந்த வாகனத்தை அங்கேயே வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வந்த பஸ் ஒன்றிலிருந்து இறங்கிய சனம் குடும்பமாக நின்று படம் எடுத்தது. கிளிநொச்சியில் இன்னொரு போர் நினைவுச் சின்னம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினோம். ஏ9இல் போகிற எவருக்கும் இந்தச் சின்னங்கள் பழகிப்போன விஷயம்தான். அன்றைக்கு மட்டும் நான் ஒன்றைக் கவனித்துக்கொண்டு வந்தேன். வழியில் பார்த்த போர்ச் சின்னங்கள் எல்லாமே வென்றவர்கள் கட்டியவை. கற்சிலைமடுவில் நாங்கள் பார்க்கப் போவது எங்களுடைய ஆளின் சின்னம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

கல்லில் என்ன இருக்கிறது

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் வீதியின் தன்மையே மாறிவிடும். இரண்டு பக்கமும் காடு, இடையிடையே வயல், குளத்து வாய்க்கால், தகரக் கூரை போட்ட வீட்டுத்திட்ட வீடுகள். ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடு. மாமா வானை ஓரங்கட்டினார்.

பெரிய கல் இல்லை. தெரியாத ஒருவர் வீதியால் போனால் கவனிக்காமலே போய்விடலாம். ஆங்கிலேயர் காலத்துக் கல். அதிலுள்ள ஆங்கில வசனத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இந்தப் பக்கத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், 1803 ஒக்டோபர் 31.

ஒரே ஒரு வசனம். நான் அதை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். கூட வந்த தமிழ்ச் சிறப்புப் பாடக்காரன்தான் முதலில் கேட்டான்.

"மச்சி, இதில எழுவாய் ஆர்?"

கேட்டவன் பகிடிக்குத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி அன்று முழுக்க என்னை விடவில்லை. எழுவாய் டிறிபேர்க். பயனிலை தோற்கடித்தான். பண்டாரவன்னியன் வெறும் செயப்படுபொருள். அதாவது இது பண்டாரவன்னியனுக்கு வைத்த கல்லே இல்லை. அவனை வென்ற கப்டனுக்கு வைத்த கல். ஏ9இல் பார்த்த சின்னங்களைப் போல இதுவும் வென்றவர் கல்தான்.

இன்றைக்கு அங்கே மாலை போடுகிறவர்கள் யாரும் டிறிபேர்க்குக்கு மாலை போடுவதில்லை. எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அதை டிறிபேர்க் கல் என்று சொல்வதில்லை. கல்லில் உள்ள வசனம் அப்படியே இருக்க, எழுவாயைச் சனம் மாற்றிவிட்டது. இது எப்படி நடந்தது?

அந்த வருடம் என்ன நடந்தது

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து சொல்ல வேண்டும். வன்னி என்பது யாழ்ப்பாண அரசுக்கும் கண்டி அரசுக்கும் நடுவில் கிடந்த பெரிய காட்டு நிலம். பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, தென்னமரவாடி என்று பற்றுகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வன்னியர் தலைவர். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகும், ஒல்லாந்தர் 1658இல் அதை எடுத்த பிறகும் வன்னியர் முழுதாக அடங்கவில்லை. திறையாக யானை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கொடுக்கிற வருடமும் உண்டு, இழுத்தடிக்கிற வருடமும் உண்டு. ஆனையிறவு என்ற பெயரே அந்த யானை வியாபாரத்தை நினைவுபடுத்துகிற பெயர்தான்.

ஒல்லாந்தருக்கு இது பொறுக்கவில்லை. 1782இல் நாகெல் என்ற லெப்டினன்ட் தலைமையில் படை அனுப்பி வன்னியை அடக்கினார்கள். நாகெலே பிறகு அந்த நிலத்தின் நிர்வாகியாகவும் ஆனான். அந்த நேரம் எதிர்த்து நின்றவர்களில் மரியா செம்பத்தை என்ற வன்னிச்சியும் ஒருத்தி. அவளைப் பிடித்துக் கொழும்பில் சிறை வைத்தார்கள். பண்டாரவன்னியனைத் தெரிந்த எங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெண்ணின் பெயர் தெரியும்? எனக்கே இரண்டாம் வருடத்தில்தான் தெரியவந்தது.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். திருகோணமலை, யாழ்ப்பாணம், முல்லைத்தீவு என்று ஒவ்வொன்றாக ஒல்லாந்தரிடமிருந்து அவர்கள் கைக்குப் போனது. 1796 பெப்ரவரியில் கொழும்பும் போனது. மிஞ்சியது கண்டி. 1803 தொடக்கத்தில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் கண்டிமேல் படையெடுத்தான். கண்டி நகரம் வெறுமையாகக் கிடந்தது. உள்ளே போன ஆங்கிலேயர் முத்துசாமி என்பவரை அரசனாக்கிவிட்டு, ஒரு காவற்படையையும் அங்கே விட்டுவைத்தார்கள். மழை, காய்ச்சல், உணவுத் தட்டுப்பாடு என்று அந்தப் படை கரைந்தது. 1803 ஜூன் 24ஆம் திகதி கண்டியர் அதை அழித்தார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மறுபடி தலைநகருக்கு வந்தான். அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குள் தீவின் பல பக்கங்களிலும் ஆங்கிலேயரின் காவல் நிலைகள் தாக்கப்பட்டன.

முல்லைத்தீவுத் தாக்குதலை இந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியனின் ஆட்கள், கண்டியரின் துணையோடு, முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவன் இதே கப்டன் வொன் டிறிபேர்க்தான். அவனால் நின்று பிடிக்க முடியவில்லை. மிஞ்சிய ஆட்களோடு வள்ளங்களில் ஏறிக் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பிப் போனான்.

கல்லில் இல்லாத முதல் விஷயம் இது. ஓகஸ்டில் ஓடியவன்தான் ஒக்டோபரில் வென்றவன். அந்த இரண்டு மாதத்தில் வன்னியின் பெரும்பகுதி பண்டாரவன்னியன் பக்கம் இருந்தது. ஆனையிறவு வரைக்கும் அவனுடைய ஆட்கள் வந்து போனார்கள். ஆங்கிலேயர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டிறிபேர்க் ஒக்டோபர் 31ஆம் திகதி அதிகாலையில், எதிர்பாராத நேரம் பார்த்துக் கற்சிலைமடுவில் விழுந்தான். அந்த ஒரு விடியற்காலையைத்தான் கல் சொல்கிறது. அதற்கு முந்தின 67 நாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

மாமாவிடம் இதைச் சொல்ல அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அந்த ஓடுற சீன்தான் பிள்ளை நாடகத்தில பெரிய சீன். நான் தொப்பியும் விழ மேடைக்குப் பின்னால ஓடுவன். சனம் விசிலடிக்கும். ஒருக்கா உண்மையாவே தடக்குப்பட்டு விழுந்திட்டன். அதுக்கும் கைதட்டினவை."

தோற்றவனா, செத்தவனா

கல்லில் இல்லாத இரண்டாவது விஷயம் சாவு. தோற்கடித்தான் என்றுதான் இருக்கிறது. கொன்றான் என்று இல்லை. ஆனால் எங்களில் பெரும்பாலானோர் ஒக்டோபர் 31ஐப் பண்டாரவன்னியன் வீழ்ந்த நாளாக, அதாவது இறந்த நாளாகத்தான் படித்து வளர்ந்தோம். 1803க்குப் பிறகும் அவன் சில வருடங்கள் உயிரோடு இருந்தான் என்று ஆங்கிலேய நிர்வாகப் பதிவுகளை ஆதாரமாகக் காட்டி எழுதிய ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். இந்த வாதம் எங்கள் பக்கங்களில் புதியதும் இல்லை. அதனால்தான் இன்றைக்கு ஒக்டோபரை விட்டு ஓகஸ்ட் 25ஐ, முல்லைத்தீவை வென்ற நாளை, நினைவு கூருகிறவர்களும் இருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். தோற்ற பிறகும் காட்டுக்குள் இருந்துகொண்டு, ஊர் ஊராக ஆள் சேர்க்கப் பார்த்துக்கொண்டு, வயதும் போய்க்கொண்டிருக்கிற ஒரு மனிதன். அவனை நாடகத்தில் காட்டுவது கஷ்டம். வாளோடு களத்தில் விழுகிறவன் மேடைக்கு வசதியானவன். எனக்கு அந்த முதல் ஆளைத்தான் கூடப் பிடிக்கிறது. தோல்விக்குப் பிறகு எப்படி வாழ்வது என்பது எங்கள் தலைமுறைக்கு வாளைவிடக் கிட்டடியான கேள்வி.

அவனைப் பற்றி நாங்கள் சொல்கிற திகதிகளில் பல எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் அதுவும் வென்றவர் பக்கம்தான். வன்னியில் அதிகாரியாக இருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேடுதான் இன்றைக்கும் எல்லாரும் போய் நிற்கிற இடம். எங்கள் பக்கத்தில் இருந்தவை கதையும் கூத்தும் நாடகமும். முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி 1960களில் பண்டார வன்னியன் நாடகம் எழுதினார். பிறகு தமிழ்நாட்டில் மு. கருணாநிதிகூட அவனை வைத்து ஒரு நாவல் எழுதினார். வவுனியாக் கச்சேரிக்கு முன்னால் சிலை வந்தது. இப்படித்தான் எழுவாய் மாறியது. கல்லை யாரும் திருத்தி எழுதவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் நின்று வேறு வசனம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

காக்கைவன்னியன் என்ற வசதி

ஆனால் எங்கள் வசனத்திலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. ஒட்டுசுட்டானில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கூட வந்தவள் ஒருத்தி கேட்டாள், "அப்ப ஏன் தோத்தவன்?" கேட்டு முடிக்க முதல் மூன்று பேர் ஒன்றாகச் சொன்னோம், "காக்கைவன்னியன்."

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். கரிக்கட்டுமூலை வன்னியன். பண்டாரவன்னியனின் தங்கையைப் பெண் கேட்டான், மறுத்துவிட்டார்கள், அந்தக் கோபத்தில் வெள்ளைக்காரனோடு சேர்ந்து காட்டிக்கொடுத்தான். தமிழ்நாட்டில் எட்டப்பன் மாதிரி எங்களுக்குக் காக்கைவன்னியன். யாரையாவது திட்ட வேண்டுமென்றால் இந்தப் பெயர் ஒன்று போதும்.

வன்னியர் தலைவர்களுக்குள் போட்டி இருந்தது உண்மை. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே ஒருவரை வைத்து மற்றவரை அடக்குவது நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் 1803இல் வன்னியை நெருக்கியது ஒரு தனி மனிதனின் கோபம் மட்டுமில்லை. மூன்று பக்கத்தால் வருகிற படை, கடலில் கப்பல், இழந்தால் மறுபடி ஆள் அனுப்பக்கூடிய ஒரு பேரரசு. ஒரு பற்றுத் தலைவன் எத்தனை விசுவாசமான ஆட்களை வைத்திருந்தாலும் இது பெரிய கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்கப் பயமாக இருந்தால் துரோகி என்ற சொல் கைகொடுக்கிறது. நாங்கள் தோற்கவில்லை, ஒருத்தன் காட்டிக்கொடுத்தான் என்று சொல்லிவிட்டால் மிச்சம் எதையும் யோசிக்கத் தேவையில்லை.

அந்தச் சொல் எங்கள் ஊர்களில் என்னவெல்லாம் செய்திருக்கிறது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில் பெரியாக்கள் சில பெயர்கள் வரும்போது குரலைக் குறைத்துக் கதைப்பதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 1803இன் காக்கைவன்னியன் கதை வெறும் பழங்கதை இல்லை. தோல்விக்குக் காரணம் தேடும்போது எங்கள் கை முதலில் எந்தப் பக்கம் நீளும் என்பதை அது பழக்கிவிட்டிருக்கிறது.

இன்னொன்றையும் இந்தக் கதை மறைக்கிறது. கற்சிலைமடுவில் அடிவாங்கிய படையில் கண்டியரும் இருந்தார்கள். அதாவது சிங்களம் பேசிய ஆட்களும் தமிழ் பேசிய ஆட்களும் ஒரே பக்கத்தில் நின்று ஓடியும் செத்தும் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கத்துக் கப்டனோ வொன் என்று தொடங்கும் ஜெர்மன் பெயர்க்காரன், ஆங்கிலேயருக்குச் சேவகம் செய்தவன். 1803ஐத் தமிழர் எதிர் வேறொருவர் என்று ஒரு வரியில் சுருக்க முடியாது. இதைச் சொன்னால் பண்டாரவன்னியன் சின்னவன் ஆகிவிட மாட்டான். அவன் எவ்வளவு தூரம் யோசித்துக் கூட்டுச் சேர்ந்திருக்கிறான் என்பதுதான் தெரியவரும்.

அந்த விடியற்காலையில் செத்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. கண்டியன் பெயரும் இல்லை, வன்னியில் கமம் செய்துகொண்டு ஈட்டியோடு வந்தவன் பெயரும் இல்லை.

பாலம்

ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு முள்ளியவளை, தண்ணீரூற்று தாண்டி முல்லைத்தீவுக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. கடற்கரையில் இருந்து பார்சலைப் பிரித்தோம். மாமா கடலைக் காட்டினார். "இதாலதான் அவன் ஓடினவன்." எல்லாரும் சிரித்தோம்.

அதே ஊரில்தான் 1996 ஜூலையில் புலிகள் இராணுவ முகாமைத் தாக்கிப் பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். அதே கரையைத்தான் 2004 டிசம்பரில் சுனாமி அடித்துக்கொண்டு போனது. 2009 ஜனவரியில் நகரத்தை இராணுவம் பிடித்தது. இந்த ஒரு கடற்கரையில் எத்தனை கல் நட வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாமா 1996ஐப் பற்றியும் சொன்னார், சுனாமியைப் பற்றியும் சொன்னார். இரண்டு கதையிலும் ஆட்கள் இருந்தார்கள், இடங்கள் இருந்தன, யார் என்ன செய்தது என்று இருந்தது.

வட்டுவாகல் பாலம் வந்ததும் பேச்சு நின்றது.

ஒடுக்கமான பழைய பாலம். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் கடல் வாய். 2009 மே மாதம் சனம் இந்தப் பாலத்தால்தான் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தது. படங்களில் பார்த்திருப்பீர்கள். மாமாவும் அந்தச் சனத்தில் ஒருவர் என்று சிநேகிதி எங்களுக்கு முதலே மெதுவாகச் சொல்லியிருந்தாள். ஒன்றும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். நாங்கள் கேட்கவில்லை. பாலம் தாண்டி முள்ளிவாய்க்கால் பக்கம் வந்த பிறகு அவராகத்தான் சொன்னார், வீதியைப் பார்த்தபடியே.

"ஷெல் விழுந்துகொண்டே இருந்தது. சனம் போச்சுது. பிறகு பாலத்துக்கு வந்தது. பிறகு வவுனியா, முகாம்."

அவ்வளவுதான். நாலு வசனம். பண்டாரவன்னியனைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்த மனிதன்.

நான் அந்த நாலு வசனத்தையும் மனதுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஷெல் விழுந்தது. யார் அடித்தது என்று இல்லை. சனம் போனது. யார் யார் என்று இல்லை. தான் என்ற சொல்லே இல்லை. கற்சிலைமடுக் கல்லில் எழுவாய் நிமிர்ந்து நிற்கிறான், பதவியோடும் முழுப்பெயரோடும். மாமாவின் வசனங்களில் எழுவாயாக நிற்க ஒரு மனிதனும் வரவில்லை. வென்றவர்களுக்கு ஒரே வசனத்தில் எல்லாம் சொல்ல முடிகிறது. அதற்குள் இருந்து வந்தவர்களுக்கு வசனத்தைத் தொடங்கவே கஷ்டமாக இருக்கிறது.

முள்ளிவாய்க்கால் நினைவு முற்றத்தில் இறங்கினோம். மே 18 இல்லாத ஒரு சாதாரண நாள். வெயிலும் காற்றும்தான். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கே இன்றைக்கு ஒரே பதில் இல்லை. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்றது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, அரச சனத்தொகைக் கணக்குகளை வைத்து 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். எண்ணே இப்படி என்றால் பெயர்கள் எங்கே? 1803இல் செத்தவர்களின் பெயர்களை 220 வருடம் கழித்து நாங்கள் தேட முடியாது. 2009இல் செத்தவர்களின் பெயர்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அம்மாமாரின் வாயில் இருக்கின்றன. அதுவும் எவ்வளவு காலத்துக்கு?

அங்கிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகிற வழியில் இராணுவ வெற்றிச் சின்னம். தண்ணீருக்கு நடுவில் கற்குவியல், அதன்மேல் துவக்கும் கொடியுமாக எழும்பி நிற்கிற சிப்பாய். மாமா வானின் வேகத்தைக் குறைக்கவில்லை. நாங்களும் நிறுத்தச் சொல்லவில்லை. கற்சிலைமடுக் கல்லுக்கு நடந்தது இதற்கும் நடக்குமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். கல் தானாக மாறாது. 1803இன் கல் எங்களுடையதாக மாறியது, அதற்குப் பக்கத்தில் ஒரு கதை உயிரோடு இருந்தபடியால். கதை சொல்ல ஆள் இல்லாவிட்டால் கல்லில் இருப்பது மட்டும்தான் மிஞ்சும்.

சின்னங்களை நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. எங்கள் கம்பஸ் வளவுக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வடக்குக் கிழக்கில் ஹர்த்தால் நடந்தது, அதே வருடம் ஏப்ரலில் மறுபடி கட்டி எழுப்பினார்கள். நாங்கள் முதலாம் வருடம் வந்தபோது அது நின்றது. அதன் பக்கத்தால் வகுப்புக்குப் போகும்போது இது இரண்டாம் தரம் கட்டியது என்று யாராவது ஒரு சீனியர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கல்லில் அது எழுதியிருக்கவில்லை.

திரும்பி வருதல்

விசுவமடு தாண்டும்போது பொழுது பட்டுவிட்டது. பின்சீட்டில் இரண்டு பேர் நித்திரை. நான் முன்னுக்கு மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு ஒரு விஷயம் கேட்க இருந்தது. கடைசி வருட ஆய்வுக்கு வாய்மொழி வரலாறு எடுக்கலாம் என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். பரந்தன் சந்திக்குக் கிட்ட வந்து கேட்டே விட்டேன்.

"மாமா, ஒரு நாளைக்கு வந்து நீங்கள் சொல்லுறதைப் பதிஞ்சுகொண்டு போகட்டே? நாடகம், பள்ளிக்கூடம், இடம்பெயர்ந்தது எல்லாம்?"

உடனே மறுமொழி வரவில்லை. சந்தியில் ஏ9க்குத் திருப்பினார். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் அவர் முகத்தில் பட்டுப் போனது.

"நாடகம் சொல்லலாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மற்றது பிறகு பாப்பம் பிள்ளை."

ஆனையிறவில் உப்புக் காற்று அடித்தது. புல்டோசருக்குப் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை. அதைத் தாண்டிய பிறகு அவராகவே கேட்டார்.

"அந்தக் கல்லைப் பற்றி எழுதப்போறியோ?"

"ஓம் மாமா."

"எழுது. ஆனா அவன் வள்ளத்தில ஓடினதையும் சேர்த்து எழுது. கல்லில அது இல்லை."

எழுதிவிட்டேன் மாமா. அடுத்த மாதம் நாடகக் கதை கேட்க முள்ளியவளைக்கு வாறன். போனில் பதியும் வசதி இருக்கிறது, கொப்பியும் கொண்டு வாறன். நீங்கள் எந்த இடத்தில் நிறுத்தினாலும் சரி, அந்த இடத்தில் நானும் நிறுத்துவேன். மற்றதைச் சொல்ல நினைக்கிற நாளில், முதல் வசனத்தை 'நான்' என்று தொடங்குங்கள். மிச்சத்தை நான் எழுதிக்கொள்கிறேன்.